மடிக்காமல் விட்ட சேலைகள்

என் மூத்த பிள்ளைக்கு, இப்போது கடை மனேஜராகிவிட்டவளுக்கு,

இதை உன் போனுக்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் நீளமாக எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். நீ வாசித்தாயா, அல்லது பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு அமத்தினாயா என்று நானும் அம்மாவும் அன்று முழுக்க ஆராய்ச்சி செய்வோம். அதனால் இந்த முறை நம் வாசகசாலை மலரில் எழுதுகிறேன். மலர் தொகுக்கும் தம்பி வந்து, "அண்ணை, ஏதாவது எழுதித் தாங்கோ, கடைசிப் பக்கங்கள் சும்மா கிடக்கு" என்றார். எனக்கு எழுத வரும் என்று அவர் கேட்கவில்லை, பக்கம் சும்மா கிடந்ததால் கேட்டார். ஓ.எல். பரீட்சையில் கணக்கோடு தமிழிலும் தட்டுத்தடுமாறியவன் நான். பிழை இருந்தால் அம்மாவிடம் கேள். எழுத எழுத பின்னால் நின்று வாசித்துத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து உன் புதுக் கடையின் படங்களைக் காட்டினாய். முகம் பார்க்கலாம் போல தரை. கூரையிலிருந்து இறங்கும் விளக்குகள். ஒரே நிற உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயது போனவன், கண் தெரியவில்லை என்று நினைத்திருப்பாய். நான் தேடியது வேறு. "பிள்ளை, இவையள் எங்கை இருக்கிறவை?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "ஸ்டாஃபோ? ஸ்டூல் எல்லாம் எடுத்தாச்சு அப்பா. ஹெட் ஒஃபிஸ் என்ரை முடிவெண்டுதான் விட்டது. நான்தான் வேண்டாம் எண்டனான். நிண்டாத்தானே சுறுசுறுப்பு, பாக்கவும் வடிவு." அம்மா எழும்பிக் குசினிக்குப் போனாள். பிறகு அங்கே பாத்திரங்கள் பேசின. நான் டொக்டர் காலில் போடச் சொன்ன இறுக்கக் காலுறையை இழுத்து விட்டுக்கொண்டு, தரை நல்ல தரை என்றேன்.  வரும் வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு எங்களை முன்வரிசையில் இருத்தப் போவதாகச் சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். அன்றிலிருந்து இந்தக் கடிதம் எனக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

நான் வெள்ளவத்தையில் சேலைக் கடையில் இருந்தேன் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். உண்மையில் நான் அங்கே இருந்ததே இல்லை, நின்றேன். காலையில் கடை திறந்து சாமிப் படத்துக்கு ஊதுபத்தி காட்டியது முதல் இரவு இரும்புக் கதவை இழுத்து விடும் வரை நின்றேன். நின்றதுகூடப் பரவாயில்லை, சேலை உடுத்திக்கொண்டு நின்றேன். புதிதாக வந்த மாதமே முதலாளி என் தோளையும் உயரத்தையும் பார்த்து, முந்தானை விழுவதற்கென்றே கடவுள் படைத்த தோள் இது என்று கண்டுபிடித்துவிட்டார். பொம்பிளைகள் சேலையை விரித்துப் பார்த்துத் திருப்திப்படாவிட்டால், "தம்பி, ஒருக்கா உடுத்திக் காட்டும்" என்பார். சேட்டுக்கும் காற்சட்டைக்கும் மேலால் கொசுவி, சொருகி, முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவேன். உன் அம்மா வாழ்நாளில் உடுத்த சேலைகளைவிட நான் ஒரு கல்யாண மாதத்தில் உடுத்தவை கூட. இந்த இடத்தில் அம்மா, "அதிலை பாதி உங்களுக்குப் பொருந்தேல்லை" என்கிறாள்.

அந்த வெள்ளவத்தையை நினைத்தால் இப்போதும் முதலில் வருவது வாசம்தான். புதுச் சேலையின் கஞ்சி வாசம், காலி வீதி பஸ்களின் புகை, அந்தியில் கடற்கரை றெயில் பாதைப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று, அதோடு சேர்ந்து வரும் கடலை வண்டிக்காரனின் சுடுமணல் மணம். பின்னேரம் றெயில் போனால் கண்ணாடி அலுமாரிகள் மெல்ல அதிரும். கரண்ட் போனால் முதலாளி மெழுகுதிரியைக் கொளுத்தி, சேலைகளுக்கு எட்டத்தில் ஒரு தட்டில் நட்டுவைப்பார். அந்த வெளிச்சத்தில் பட்டுக் கரைகள் மின்னும். யுத்த காலம்தான், ஆனால் எங்களுக்கு இருபதுகளில் வயது. பயத்துக்கு நடுவிலும் ஆள் சிரிக்கத்தான் செய்யும். கொட்டாஞ்சேனையில் ஒரு அறை, காலையில் நசுங்கி வரும் பஸ், பாலத்தடியில் செக்பொயின்ட், இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டி மறுபடி ஏறுவது. அம்மாவும் நானும் அந்த வரிசையில்தான் முதலில் கதைத்தோம். ஒரே கடை என்றாலும் கடைக்குள் கதைக்க முதலாளி விடமாட்டார்.

உனக்கு அந்தக் காலம் விளங்க ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு தேசிய அடையாள அட்டை மட்டும் போதாது. "கொழும்பில் உனக்கு என்ன வேலை?" என்ற கேள்விக்குக் கையில் பதில் வேண்டும். அந்தப் பதில், முதலாளி கையெழுத்திட்டுக் கொடுத்த கடை அட்டை. அது இருந்தால் அறை தருவார்கள், பொலிஸில் பதிய முடியும், செக்பொயின்ட்டில் விடுவார்கள். வேலை போனால் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அட்டை போனால் மறுநாள் காலையில் நீ வேலையற்ற ஆள் மாத்திரம் அல்ல, காரணமில்லாமல் கொழும்பில் நிற்கும் ஒரு தமிழ் ஆள். அந்த நாட்களில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி கெட்ட மனுசன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றிவளைப்பில் எங்களைப் பிடித்துக்கொண்டு போனால் சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் நிலைய வாசலில் முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். "இது என்ரை கடைப் பெடியன்" என்று சொல்லி மீட்டுக்கொண்டு வருவார். என்னையும் அப்படி எடுத்திருக்கிறார். ஆனால் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கடையில் வேலையாட்கள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பார். தெருவில் போகிறவன் பார்த்தால், அங்கே ஆள் இல்லை என்று நினைப்பானாம். லட்சுமியும் அப்படித்தான் நினைப்பாளாம். வாங்க வருபவர்களுக்கு மெத்தை போட்ட கதிரைகள் உண்டு. எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவரும் கடைக்குள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். அதனால் கேட்கவும் வாய் வராது. "நான் இந்த வயதிலை நிக்கிறன், உனக்கென்ன" என்ற ஒரு பார்வை போதும்.

நாங்கள் கல்யாணம் செய்து, நீ அம்மாவின் வயிற்றில் இருந்தாய். ஒரு நாள் அலுமாரியிலிருந்து சேலைக் கட்டை எடுத்துக்கொண்டு திரும்பியவள் அப்படியே கவுண்டருக்குப் பின்னால் சரிந்துவிட்டாள். சுமனா அக்கா ஓடிவந்து தண்ணீர் தெளித்தார். கொலன்னாவையிலிருந்து வரும் சிங்கள மனுசி, எங்களுக்குள் மூத்தவர். அம்மாவின் காலைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்த இடம் வாய்க்கால் போல இருந்தது. முதலாளி பதறிப்போய் ஓட்டோ பிடித்துக் கொடுத்தார். மறுநாள் கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார்.

"பிள்ளை, இனி நீர் வீட்டிலை நில்லும். பிள்ளைப்பெறு முடியட்டும், பிறகு பாப்பம்."

"பிறகு பாப்பம் எண்டா, ஐயா?"

"பாப்பம் எண்டா பாப்பம்தானே."

"நான் நிக்கிறன், ஐயா. பின்னாலை ஒரு ஸ்டூல் தந்தாக் காணும்."

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கோணுமே, பிள்ளை."

அம்மா வந்து என்னிடம் சொன்னாள், எல்லாருக்கும் குடுக்கோணும் என்று அவர் எதை மறுப்பாகச் சொன்னாரோ அதையே கேட்பதுதான் சரியான வழி என்று. எனக்கோ, பொலிஸில் இருந்து எடுத்துவிட்ட மனுசனிடம் போய் ஸ்டூல் கேட்பதா என்று இருந்தது. அவள் கேட்டாள்: "அவர் உங்களை எடுத்தது அவரின்ரை மனசு. அந்த மனசு ஒரு நாள் வராட்டி?" அந்தக் கேள்வியை நீயும் கொஞ்சம் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

அடுத்த போயா, அதுதான் பௌர்ணமி லீவு நாளில் சுமனா அக்கா எங்களைக் கொலன்னாவைக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். எண்ணெய்த் தாங்கிகள் தெரியும் ஒரு ஒழுங்கையில் சின்ன வீடு. அவருடைய அப்பா ஒரு காலத்தில் அரசாங்க வேலையில் இருந்தவர். எண்பதாம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். அதன் பிறகு சந்தியில் லொத்தர்ச் சீட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். கருப்பட்டித் துண்டோடு சாயத் தேத்தண்ணி தந்தார். அவர் சிங்களத்தில் சொல்ல, எனக்கு அரைச் சிங்களம், மீதியைச் சுமனா அக்கா தமிழில் போட்டார்.

அவர் முதலில் கேட்டது: "இண்டைக்கு ஏன் உங்களுக்கு லீவு?" போயா என்றேன். "யார் தந்த லீவு?" அரசாங்கம் என்றேன். மனுசன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சட்டையில் ஊற்றுப்பட்டது. தன் அப்பா கொழும்பில் ட்ராம் ஓடிய காலத்தில் அதில் வேலை செய்தவராம். ட்ராம்காரர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் வேலையை நிறுத்தி வாசலில் நின்ற கதையைச் சொன்னார். அப்போது வேலை நேரத்துக்கு ஒரு முடிவு இல்லை, வருத்தம் வந்தால் சம்பளம் இல்லை, விழுந்து கால் முறிந்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். எட்டு மணிநேரம் என்பதும், லீவு நாளுக்குச் சம்பளம் என்பதும், பிள்ளைப்பெற்றவளுக்கு வீட்டில் இருக்கச் சம்பளம் என்பதும், வயது போனால் கையில் வரும் சேமலாப நிதியும் யாரோ பெரிய மனுசர் மேசையில் இருந்து இரக்கப்பட்டு எழுதியவை அல்ல என்றார். யார் யாரோ வெயிலில் நின்று, அடி வாங்கி, சிலர் சூடுபட்டு, அதற்குப் பிறகுதான் மேசையில் இருந்தவர்கள் பேனையைத் திறந்தார்கள். துறைமுகத்தில் அப்போது தமிழனும் சிங்களவனும் சோனகனும் மலையாளியும் ஒரே வாசலில் நின்றார்களாம். "பிறகு எங்களைப் பிரிச்சுப்போட்டாங்க. நாங்களும் பிரிஞ்சுதான் போனோம், அவங்களை மட்டும் குத்தம் சொல்ல ஏலாது" என்றார். யாழ்ப்பாணத்துப் பெடியனான எனக்கு அதை ஒரு சிங்களக் கிழவர் தன் வீட்டில் வைத்துச் சொன்னது, அந்த நாட்களில், லேசான விசயம் இல்லை.

ஸ்டூல் பற்றிக் கேட்டோம். கடைச் சட்டத்தில், நிற்கும் பெண்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று எப்போதோ எழுதியாயிற்று என்றார். நான் வாயைப் பிளந்தேன். "அப்ப ஏன் எங்கடை கடையிலை இல்லை?" "மல்லி," என்றார், தம்பி என்று அர்த்தம், "சட்டம் அங்க புதுக்கடை நீதிமன்றத்திலை இருக்கும். ஸ்டூல் வெள்ளவத்தையிலை வேணும். நடுவிலை இருக்கிற தூரத்தை யாராவது நடக்கணும்." வேலையை நிறுத்த வேண்டாம், உங்கள் நிலைமைக்கு அது கூடாது, தன்னைப்போல எல்லாம் போய்விடும் என்றும் சொன்னார். எல்லா வேலையையும் செய்து, ஒரே ஒரு வேலையை மட்டும் விடச் சொன்னார். அது என்ன வேலை என்று உங்களுக்குத்தான் தெரியும் என்றார். புறப்படும்போது அம்மா கேட்டாள், வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்குக் கவலையா என்று. கிழவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "என்ர வேலை போச்சு, துவ. ஆனா நாங்க வாங்கிக் குடுத்த லீவிலதானே நீ இன்னைக்கு இங்க வந்திருக்கிற." துவ என்றால் மகள்.

எந்த வேலையை விடுவது என்பதைக் கண்டுபிடித்தது நஸீர் நானா. மருதானை ஆள், பட்டுப் பகுதிக்குப் பொறுப்பு, அவர் வாப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பின்னறையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி ரகசியக் கூட்டம் போட்டோம். சங்கம் என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. நாலு தமிழர் ஓரிடத்தில் கூடினாலே வேறு பெயர் வைத்துவிடுவார்கள்.

"தம்பி, சீலைக் கடையில வாங்குற ஆளுக்குத் தெரியாத வேல என்ன ஈக்கி?" என்று கேட்டார் நானா.

"விக்கிறதோ?"

"அது தெரியும்."

"விரிக்கிறதோ?"

"அதுவும் கண்ணால பாக்குறாங்க. மடிக்கிறது, தம்பி. ஆரும் மடிக்கிறதப் பாத்ததில்ல. நாங்க மடிக்காட்டி ஒரு மணித்தியாலத்தில இது கடையில்ல, சலவைக்காரண்ட வீடு."

நீ இன்று விற்பது தொங்கும் உடுப்பு. உனக்குப் புரியாமல் போகலாம். ஒரு சேலை விற்க நாங்கள் இருபது சேலை விரிப்போம். ஒருவர் விரிக்கும்போதே மற்றவர் பின்னால் நின்று கரையோடு கரை சேர்த்து, மடிப்பு விலகாமல் மடித்து அலுமாரியில் ஏற்றிக்கொண்டே இருப்பார். அது நின்றால் எல்லாம் நிற்கும். சுமனா அக்கா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அப்ப 'மடிக்கமாட்டோம்'னு யாரும் சொல்ல வேணாம். 'ஓம் ஐயா, இதோ'ன்னு சொல்லு. சொல்லிட்டு அடுத்ததை விரி."

ஆவணி மாத முகூர்த்த நாட்கள் நெருங்கிய ஒரு சனிக்கிழமை. லண்டனிலிருந்து மகளின் கல்யாணத்துக்கு வந்த ஒரு அன்ரி, தங்கைமார், மருமக்கள் என்று ஒரு பட்டாளத்தோடு காலையிலேயே வந்திறங்கினார். நாங்கள் விரித்தோம். இதைவிட அன்பாக ஒரு நாளும் விரித்ததில்லை. "மடியுங்கோவன்" என்றார் முதலாளி. "ஓம் ஐயா, இந்தா" என்றோம். அடுத்த கட்டு இறங்கியது. முதலில் கவுண்டர் மறைந்தது. பிறகு கல்லாப்பெட்டி மறைந்தது. அம்மா சேலைகளுக்குள் இடுப்புவரை நின்றாள். முதலாளி தானே ஒரு காஞ்சிபுரத்தை எடுத்து மடிக்கப் பார்த்தார். அது அவர் கையில் விலாங்கு மீன்போல நழுவி, கடைசியில் ஒரு தலையணை போல வந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "உங்களுக்கெல்லாம் என்ன வேணும்?"

இந்த இடத்தில்தான் உன் தகப்பன் சரித்திரத்தில் இடம்பிடித்தான். அன்ரிக்காக அரக்குக் கூறைச் சேலை ஒன்றை உடுத்தி, முந்தானையை ஊசியால் குத்தி, ஒரு சுற்றுச் சுற்றி நின்ற நேரம் அது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உலகத்தில் எத்தனையோ தொழிலாளர் தலைவர்கள் இருந்திருப்பார்கள். கூறைச் சேலையோடு பேச்சுவார்த்தைக்குப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "ஐயா," என்றேன், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "ஸ்டூல்."  அம்மா முடித்துவைத்தாள்: "எல்லாருக்கும், ஐயா."

அவர் வாயைத் திறக்கும் முன் வாசலில் பூட்ஸ் சத்தம். காலி வீதியில் எங்கேயோ ஒரு கைவிடப்பட்ட பையாம், வீதியை மூடிவிட்டுக் கடை கடையாகச் சோதனை. ஒரு பொலிஸ்காரரும் துப்பாக்கியோடு இரண்டு பேரும் உள்ளே வந்து, அந்தப் பட்டு மலையைப் பார்த்து அப்படியே நின்றார்கள். "மே மொகத?" இது என்ன என்று கேட்டார் பொலிஸ்காரர். அட்டைகளை எடுக்கச் சொன்னார். எல்லோருடைய கையிலும் அட்டை வந்துவிட்டது. என் அட்டை சேட்டுப் பையில், அதன் மேல் கூறை, கூறையின் மேல் ஊசி. ஊசி கழலவில்லை. துப்பாக்கிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "நோனா, ஐ.டி." என்றார், அம்மணி என்று நக்கல். மற்றவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உன் அம்மா வந்து ஊசியைக் கழற்றினாள். 

பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. தடியால் குவியலைக் கிளறினார். இத்தனை துணியை ஏன் கொட்டி வைத்திருக்கிறீர்கள், இதற்குள் என்ன ஒளித்தீர்கள், இங்கே என்ன சண்டை என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி எங்களைப் பார்த்தார், ஒருவர் ஒருவராக. பிள்ளை, அந்தப் பார்வை இன்றும் என்னோடு இருக்கிறது. இவர்கள் குழப்பம் செய்கிறார்கள் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். வெளியே வண்டி நிற்கிறது. நாங்கள் மட்டுமல்ல, வயிற்றிலிருந்த நீயும் அதில் ஏற வேண்டியதுதான். அவருக்கு எங்கள் மேல் கோபம் இல்லாமலும் இல்லை.

"மகுல் சீசன், மாத்தயா," என்றார். கல்யாணக் காலம், ஐயா என்று அர்த்தம். மீதியையும் சிங்களத்திலேயே சொன்னார்: "இவங்க எல்லாம் என்ர கடை ஆக்கள். நல்ல வேலைகாரங்க. மடிக்க நேரமில்லை."

அவர்கள் இன்னும் கொஞ்சம் கிளறிவிட்டு, அன்ரியின் லண்டன் பாஸ்போட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கதவு மூடியது. முதலாளி பின்னால் தடவி, கைக்கு அகப்பட்ட மெத்தைக் கதிரையில், வாங்குபவர்களின் கதிரையில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடை திறந்த நாளிலிருந்து அவர் கடைக்குள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.  நஸீர் நானாதான் மெதுவாகச் சொன்னார்: "மொதலாளி, இருந்துட்டீங்களே."

அப்போது குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அன்ரியின் குரல் வந்தது: "தம்பி, அந்த மாம்பழக் கலரை ஒருக்கா விரியும். இதோடை சேத்து எடுப்பம்."

முதலாளி அன்ரி இருந்த பக்கம் பார்த்தார், தான் இருந்த கதிரையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்தாரா அழுதாரா என்று அம்மாவுக்கும் எனக்கும் இன்றைக்கும் வாக்குவாதம். "சரி," என்றார். "ஆனா ஆக்கள் வந்தா எழும்போணும்." அம்மா குனிந்து, முதல் சேலையை எடுத்துக் கரையோடு கரை சேர்த்தாள். எல்லோரும் மடித்தோம். முதலாளி அந்தக் கதிரையில் இருந்தபடியே நாங்கள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் அதற்கு முன் உண்மையில் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

ஸ்டூல்கள் அடுத்த வாரம் வந்தன. தச்சனுக்கு அளவு சொன்னது நான் என்பதால் உயரம் பிழையாகிவிட்டது. உட்கார்ந்தால் கவுண்டருக்கு மேலே தலை மட்டும் தெரியும். தெருவிலிருந்து பார்த்தால் கடையில் தலைகள் விற்பனைக்கு வைத்தது போல இருக்கும். ஆனாலும் அம்மா முதல் ஆளாக இருந்தாள். இருந்ததும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். நீ உள்ளே ஒரு உதை விட்டதாகச் சொன்னாள். நீ பிறந்து, சம்பளத்தோடு லீவு முடிந்து, அவள் அதே கவுண்டருக்குத் திரும்பிப் போனாள். "பிறகு பாப்பம்" என்ற சொல்லைச் சுமனா அக்கா அந்தக் கடையில் மறுபடி யாரையும் சொல்ல விடவில்லை.

உன் மனித வள டிப்ளோமாப் புத்தகத்தை நீ இங்கே விட்டுப்போயிருந்தாய். எனக்கு விளங்கிய அளவுக்கு வாசித்தேன். ஓய்வும் வேலை நேரத்துக்கு ஒரு எல்லையும் மனிதனின் உரிமை என்று உலக நாடுகள் சேர்ந்து பிரகடனம் செய்ததாக அதில் இருக்கிறது. நல்ல விசயம். ஆனால் அதை வாசிக்கும் ஒரு பிள்ளை, யாரோ படித்தவர்கள் ஒரு நல்ல நாளில் கூடி யோசித்து இதையெல்லாம் எங்களுக்குத் தந்தார்கள் என்றுதான் நினைக்கும். நானும் போயா லீவை அப்படித்தான் நினைத்தேன். எழுதினவர்கள் எழுதினார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் எழுத வைத்தது ட்ராம்காரனும் மூட்டைக்காரனும் நூலாலைப் பெண்ணும். உன் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு பக்கம் இல்லை. அதனால்தான் நீ இவ்வளவு லேசாக அந்த ஸ்டூல்களை எடுத்தாய் என்று நினைக்கிறேன். அவை எங்கிருந்து வந்தன என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. யுத்தத்தைப் பற்றி உனக்குச் சொல்லக்கூடாது என்று நாங்கள் எவ்வளவோ கதைகளைப் பூட்டி வைத்தோம். அந்தப் பூட்டுக்குள் இதுவும் போய்விட்டது.

முதலாளி இப்போது இல்லை. அவர் அன்று எங்களைக் காட்டிக்கொடுக்காதது அவருடைய மனசு. அதற்கு நான் சாகும்வரை கடன்பட்டவன். ஆனால் ஸ்டூல் அவருடைய மனசு இல்லை. அவர் நல்ல மனநிலையில் இருந்த நாளிலும், கோபமாக இருந்த நாளிலும், மகன் வந்து பொறுப்பெடுத்த பிறகும், அது கவுண்டருக்குப் பின்னால் அங்கேயே நின்றது. உன் கடைப் பிள்ளைகளோடு நீ எவ்வளவு அன்பாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவாய், வீட்டில் துக்கம் என்றால் நீயே ஓடுவாய். ஆனால் நீ நாளைக்கு வேறு கடைக்கு மாறிப் போவாய். அவர்களுடைய கால்கள் அங்கேதான் நிற்கும்.

வெள்ளிக்கிழமை நாங்கள் வருவோம். அம்மா தன் கூறைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். டொக்டர் என்னை நிற்க வேண்டாம் என்றிருக்கிறார். நீ முன்வரிசையில் போடும் மெத்தைக் கதிரையில் நான் உட்காரத்தான் ஆசை. ஆனால் உள்ளே வந்ததும் முதலில் கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். அங்கே உன் பிள்ளைகளுக்கு ஸ்டூல் இருந்தால், எனக்கான கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, தரை எவ்வளவு பளபளப்பு என்று எல்லோரிடமும் சொல்லித் திரிவேன். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டேன், கோபிக்கவும் மாட்டேன். வாடிக்கையாளராக நின்று, உன் கடையிலுள்ள ஒவ்வொரு உடுப்பையும் எடுத்துக் காட்டச் சொல்வேன். எடுத்ததைத் திரும்பத் தொங்கவிடுவது பற்றி அந்தப் பிள்ளைகளிடம் மெதுவாக ஒரு விசயமும் சொல்லிக் கொடுப்பேன்.

அம்மாவும் என்னோடு நிற்பாள்.

உன் அப்பா